சுகோய்க்கு ஆகாத வேலை

2007 மார்ச் 26 நள்ளிரவு கடந்த நேரத்தில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மேல் குண்டு போட்டவை ஸ்லின் இசட்-143 விமானங்கள். நான்கு பேர் அமரும் செக் நாட்டுத் தயாரிப்பு, 235 குதிரைத்திறன் பிஸ்டன் என்ஜின். உடலுக்கு அடியில் குண்டுகளை மாட்டும் வேலையை விடுதலைப் புலிகள் தாங்களே செய்துகொண்டார்கள். எதிரே இருந்தவையோ கிஃபிர், மிக்-27, எஃப்-7 என்று ஒலியை மிஞ்சும் ஜெட்டுகள்.

அவற்றால் ஏன் பிடிக்க முடியவில்லை என்பதை நம் துறையில் யாரும் இன்னும் ஒழுங்காகப் பாடமாக நடத்தவில்லை. ஸ்லின் இரவில், தாழ்வாக, மணிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில் வந்தது. அந்த வேகத்தில் எஃப்-7 பறந்தால் ஸ்டால் ஆகி விழும். வேகமாகப் போனால் இலக்கைத் தாண்டிவிடும். திரும்பி வருவதற்குள் அது எங்கோ போயிருக்கும். சிறிய பிஸ்டன் என்ஜின் விடும் சூடு, வெப்பம் தேடும் ஏவுகணைக்குப் போதாது. இந்தியா கொடுத்திருந்த இந்திரா ரேடார் திசையையும் தூரத்தையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. 2008 செப்டம்பரில் ஒன்றை வீழ்த்தியதாக இலங்கை விமானப்படை அறிவித்தது. ஆனாலும் 2009 பிப்ரவரி 20 இரவு இரண்டு ஸ்லின்கள் கொழும்புப் பக்கம் வந்தன. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்க அருகே விழுந்தது. விமானியை மட்டும் எடுத்துவிட்டால், உக்ரைன் வானில் இன்று இரவுதோறும் வரும் ஷாஹெட் ட்ரோன் இதுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். சேலத்தின் பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றி ஜருகுமலையும் போதமலையும் நிற்கின்றன. மலைக்கு இந்தப் பக்கம் வைத்த தரை ரேடார், அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் தாழப் பறப்பதைக் காணாது. சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க இப்படித் துண்டுதுண்டான மலைகள்தான். மேலிருந்து கீழே பார்க்கும் கண் ஒன்று மணிக்கணக்கில் வானில் நின்றால் ஒழிய இந்த மறைவிடங்கள் தீராது. இன்றைக்கு ஒரு மெதுவான ட்ரோன் வந்தால் எழக்கூடியவை சூலூரின் தேஜஸும் தஞ்சாவூரின் சுகோய்-30உம். 2020இல் தஞ்சாவூருக்கு வந்த 222ஆம் ஸ்குவாட்ரன், பிரம்மோஸ் சுமந்து கடலில் கப்பலைத் தேடுவதற்கானது. அதை எழுப்பி, பல லட்சம் டாலர் ஏவுகணையால், சில பத்தாயிரம் டாலர் ட்ரோனைச் சுடுவது எந்தக் கணக்கிலும் சேராது. 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் முந்நூறு நானூறு ட்ரோன்களை அனுப்பியபோது, எல்-70, இசட்.யு-23 போன்ற பழைய பீரங்கிகள் பெரும்பங்கைச் சுமந்தன. ஆனால் பீரங்கி இருக்கிற இடத்தைத்தான் காக்கும்.

உக்ரைன் என்ன செய்தது? 2024இல் யாக்-52 பயிற்சி விமானத்தின் பின்சீட்டில் துப்பாக்கியோடு ஒருவரை உட்காரவைத்து ட்ரோன்களைச் சுட்டது. பிறகு ஆன்-28 என்ற இரட்டை டர்போபிராப்பின் கதவில் சுழல்துப்பாக்கியைப் பொருத்தியது. 2025இல் எம்ப்ரேயர் நிறுவனம் தன் சூப்பர் டுகானோவின் வேலைப்பட்டியலில் ட்ரோன் வேட்டையையும் சேர்த்தது. ஜெட்டில் இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2022 அக்டோபரே சான்று: தான் சுட்ட ஷாஹெட்டின் சிதறல் பட்டு, ஒரு உக்ரைன் மிக்-29இலிருந்து விமானி குதிக்க வேண்டியதாயிற்று. இலக்கின் பக்கவாட்டில் ஒட்டிப் பறக்கக்கூடிய விமானத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு.

நம்மிடம் எச்.ஏ.எல். தயாரிப்பான எச்.டி.டி-40 பயிற்சி விமானம் இருக்கிறது. 2016 மே 31இல் முதலில் பறந்தது. 2023 மார்ச்சில் 70 விமானங்களுக்கு 6,828 கோடி ரூபாய் ஒப்பந்தமானது. 950 குதிரைத்திறன் ஹனிவெல் டர்போபிராப், உச்ச வேகம் சுமார் 450 கிலோமீட்டர். ஷாஹெட் சுமார் 180இல் வரும். துரத்தவும் முடியும், அதன் வேகத்துக்கு இறங்கவும் முடியும். டர்போபிராப் ஓட்டத் தெரிந்த ஆசிரியர்கள் தாம்பரம் பயிற்றுநர் பள்ளியில் பிலாட்டஸில் பறந்துகொண்டிருக்கிறார்கள். ஆயுதம் தாங்கும் வடிவம் பற்றி எச்.ஏ.எல். பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. பேச்சு பெரும்பாலும் தரைத் தாக்குதல் பற்றியது என்பதுதான் எங்கள் மனக்குறை.

தரைத் தாக்குதலில் டர்போபிராப் எப்படி முடிந்தது என்பதைத் தமிழர் அறிவர். 1980களில் யாழ்ப்பாணத்தார் ‘சியாமாசெட்டி’ என்று அழைத்த சியாய்-மார்கெட்டி டர்போபிராப்புகள் குண்டு வீசியது, வானை நோக்கிச் சுட எதிரியிடம் பெரிதாக ஒன்றும் இல்லாத காலத்தில். வீட்டுக்குள் பதுங்குகுழி வெட்டி வாழ்ந்தவர்கள் கொடுத்த விலையை நாம் வெற்றி என்று எழுத மாட்டோம். 1993இல் இலங்கைக்கு வந்த நான்கு புக்காரா டர்போபிராப் தாக்குதல் விமானங்களின் காலம் வேறு. 1995 ஜூலையில் புலிகளின் ஏவுகணையில் ஒன்று வீழ்ந்தது. 1999க்குள் எல்லாம் ஓய்ந்தன. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை உள்ள களத்துக்கு மெதுவான விமானத்தை அனுப்பக் கூடாது. நம் எல்லைக்குள், நம் ரேடாரின் சொல் கேட்டு, ட்ரோனை மட்டும் தேடட்டும். அகச்சிவப்புக் கேமராவும் ஒரு துப்பாக்கிக் கூடும் போதும். லேசர் வழிகாட்டும் 70 மில்லிமீட்டர் ராக்கெட் பிறகு வரலாம்.

கடினமான பகுதி விமானத்தில் இல்லை. 2019 பிப்ரவரி 27 காலை பட்காமில் நம் ஸ்பைடர் ஏவுகணையே நம் எம்.ஐ-17ஐ வீழ்த்தியது, அதிலிருந்த ஆறு வீரர்களும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். நல்ல பகலில், சொந்தத் தளத்துக்குப் பக்கத்தில். இரவில், ட்ரோனைப் போலவே தாழ்வாகவும் மெதுவாகவும் திரியும் எச்.டி.டி-40, எல்-70 பீரங்கிக்காரருக்கு எப்படித் தெரியும்? பீரங்கி பெரும்பாலும் தரைப்படையிடம், விமானம் விமானப்படையிடம். எந்த உயரத்துக்குக் கீழே யார் சுடலாம், விமானம் நுழையும்போது பீரங்கியை யார் நிறுத்துவது, அந்தச் சொல் தரைப்படையின் ஆகாஷ்தீர் வான்பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு வழியாக எத்தனை நொடியில் போய்ச் சேரும் என்பதையெல்லாம் ஒரு தளத்தில், உண்மையான பீரங்கிக் குழுவோடு, சுடாமல் ஒத்திகை பார்க்கலாம். அதற்கு ஆயுதம் தாங்கும் வடிவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாம்பரத்துப் பிலாட்டஸ் இரண்டு போதும்.