முரளியின் மணிக்கட்டும் எங்கள் பிள்ளைகளின் முழங்காலும்

பெருவிரலை மடக்கி முன்கையில் தொடவைக்கும் பிள்ளை எங்கள் குடும்பங்களில் ஒன்றாவது இருக்கும். விருந்தினர் வந்தால் "எங்கே, மாமாவுக்குச் செய்து காட்டு" என்பார்கள். அதே பிள்ளை ஓடி விளையாடிவிட்டு வந்து இரவில் முழங்கால் நோகுது என்று அழுதால், "கள்ளம்" என்று சொல்லவும் கேட்டிருக்கிறோம்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். மூட்டைக் கட்டிப்பிடிக்கும் நார்களில் கொலாஜன் என்ற புரதம் உண்டு. சிலருக்கு அது பிறப்பிலேயே இளக்கம். மூட்டு அளவுக்கு மீறி வளையும். சிறுபிள்ளைகளிடமும் பெண்களிடமும் எங்களைப் போன்ற ஆசிய இனத்தவரிடமும் இது கூடுதல். பலருக்கு இதனால் ஒரு தொல்லையும் வருவதில்லை. வைத்தியர்கள் 9 புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். சின்னிவிரல், பெருவிரல், முழங்கை, முழங்கால் என்று இரு பக்கமும் சேர்த்து 8. முழங்கால் மடிக்காமல் குனிந்து உள்ளங்கைகளை நிலத்தில் பதித்தால் இன்னொன்று.

இப்படி வளையும் மணிக்கட்டோடு உலகத்தையே சுற்ற வைத்தவர் முத்தையா முரளிதரன். கண்டியில் பிஸ்கற் தொழில் செய்தவரின் மகன். (நாங்கள் இங்கே பிஸ்கற் பெட்டி கட்டுகிறோம், அவ்வளவுதான் உறவு!) அவருடைய முழங்கை இதற்கு எதிர்மாறு. பிறவியிலேயே முழுதாக நிமிராது. மணிக்கட்டோ மட்டுமீறி வளையும், தோளும் வேகமாகச் சுழலும். பார்ப்பவர் கண்ணுக்கு அது எறிவது போலத் தெரிந்தது. 1995 மார்கழி 26இல் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர் 7 தடவை நோபோல் கொடுத்தார். பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களில் கையை அளந்தார்கள். சொன்ன சொல்லை நம்பாமல் உடம்பை அளப்பது என்றால் என்னவென்று, அகதி விண்ணப்பம் போட்ட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்துவீச்சாளர் அநேகமாக எல்லோருக்குமே முழங்கை கொஞ்சம் நிமிர்கிறது என்று பின்னர் கண்டு, 2005இல் எல்லோருக்கும் 15 பாகை எல்லை வைத்தார்கள்.

எங்கள் இலண்டனிலேயே, 1998 ஆவணியில், ஓவல் மைதானத்தில் அவர் முதல் இனிங்ஸில் 7, அடுத்ததில் 9 என்று 16 விக்கெற் எடுத்தார். அந்தக் கொடிக்குக் கைதட்டுவதா என்று எங்களுக்குள் அப்போது வாக்குவாதம். அது வேறு கதை. நாங்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஒரு ஆட்டத்தில் அவர் 113 ஓவருக்கு மேல் வீசினார் என்பதை. வளையும் மணிக்கட்டு பந்தைத் திருப்பும்; 113 ஓவர் தாங்குவது தோளின் தசை. அவருக்கும் 2004இல் தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகும் ஆடி, 2010இல் காலியில் 800 விக்கெற்றுடன் ரெஸ்ற் ஆட்டத்தை முடித்தார்.

நார் பிடிக்காத இடத்தைத் தசைதான் பிடிக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கெதியாகக் களைக்கிறார்கள். மூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்ற உணர்வும் சிலருக்குக் குறைவு. அடிக்கடி கணுக்கால் சுளுக்கும். இவர்களுக்கு இன்னும் இழுத்து வளைக்கும் பயிற்சி தேவையில்லை. தொடை, இடுப்பு, தோள் தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்துவதுதான் தேவை. நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டக்கூடாது. பரதம் பழகுபவர் அரைமண்டியில் முழங்காலைப் பாதத்தின் திசையிலேயே வைக்க வேண்டும். ஒற்றைக்காலில் நின்று பல்லுத் தீட்டுவது நல்ல பயிற்சி, காசும் இல்லை. நோகிறது என்று விளையாட்டையே நிறுத்தினால் தசை இன்னும் மெலியும். கூட்டிக் குறைத்து, தொடர்ந்து செய்ய விடுங்கள்.

மூட்டு கழன்றால், நோ வாரக்கணக்கில் நின்றால், அடிக்கடி மயக்கம் வந்தால் ஜீபியிடம் போங்கள். "பிள்ளையின் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றன, பிசியோவிடம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பெருவிரலை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்த வித்தையை வைத்தியரிடம் காட்டினால் போதும், மாமாவுக்கு வேண்டாம்.