பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்றவங்களுக்கு...

போன ஞாயித்துக்கிழமை காலைல கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, முன்சக்கரத்தைக் கழட்டி வச்சு பிரேக் பேட் மாத்திட்டு இருந்தேன். ரெண்டாவது மாடி நண்பர் காய்கறிப் பையோட வந்து நின்னார். நம்மூர்க்காரர்தான், கும்பகோணம் பக்கம். கிடர்பூர்ல தமிழ்ல பேச ஆள் கிடைக்கறதே அபூர்வம்ங்கறதால எது சொன்னாலும் கேட்டுக்கறது வழக்கம்.

"என்ன சார், இதை இன்னும் பேரீச்சம்பழத்துக்குப் போடலையா? வாங்கற சம்பளத்துக்கு ஈஎம்ஐ-ல புதுசா ஒண்ணு எடுக்கலாமே. பொண்ணு வேற இழுப்புல கஷ்டப்படறா, நீங்க என்னடான்னா இந்தப் புகை வண்டியை வச்சுக்கிட்டு... பசங்க முன்னாடி கையெல்லாம் கரியா, பார்க்கவே நல்லா இல்லை."

சிரிச்சு அனுப்பிட்டேன். ஆனா அந்தப் "பொண்ணு இழுப்பு" மட்டும் நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுடுச்சு. அவர் வச்சது மூணு குற்றச்சாட்டு: புகை, காசு, கௌரவம். மூணுக்கும் பதில் சொல்லிடறேன். அவருக்கு மட்டும் இல்லை, ஊர்ல இருந்து போன் பண்ற மச்சினர் வரைக்கும் எல்லாருக்கும்.

முதல்ல வண்டி. 2007-ல சென்னைல எடுத்த ஃபியட் பேலியோ ஸ்டைல் 1.6. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின், சுமார் 100 குதிரை. அந்தக் காலத்துல அந்த விலைக்கு இவ்வளவு குதிரை வேற ஹாட்ச்பேக்ல அநேகமா கிடையாது. பதிலுக்கு பெட்ரோலை மொடமொடன்னு குடிக்கும். சிட்டிக்குள்ள லிட்டருக்கு பத்து குடுத்தா அன்னைக்கு பண்டிகை. 2012-ல வேலை மாத்தலாகி கல்கத்தா வந்தப்ப கூடவே வந்துச்சு. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டி இருந்தா அங்கேயே பதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டம். அதனால தடையில்லாச் சான்று, மறுபடி வரி, புது நம்பர்னு அலைஞ்சதெல்லாம் தனிக் கதை. இப்ப வர்ற பிஹெச் நம்பர் எல்லாம் 2021-லதான் வந்தது.

2022-ல 15 வருஷம் முடிஞ்சு, அஞ்சு வருஷத்துக்கு ஆர்சி புதுப்பிச்சேன். அதே வருஷம் ஜூலை 26-ம் தேதி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட கிழக்கு மண்டல அமர்வு, கல்கத்தாவிலும் ஹௌராவிலும் 15 வருஷத்துக்கு மேலான வண்டிகளை ஆறு மாசத்துல ஓரங்கட்டுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. டெல்லியில 2015-லயே பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருஷம்னு வந்தாச்சு. 2025 ஜூலை 1-ல இருந்து அந்த வண்டிகளுக்கு பங்குல எண்ணெயே கிடையாதுன்னு ஆரம்பிச்சு, சில நாள்லயே நிறுத்தி வச்சாங்க. எனக்கு அடுத்த கெடு 2027. அதுதான் வீட்ல ஓடற சண்டைக்கும் கெடு.

சரி, புகை.

நான் ஒண்ணு ஒத்துக்கறேன். கிடர்பூர் காத்து நல்ல காத்து இல்லை. 1892-ல திறந்த துறைமுகம். கன்டெய்னர் ஏத்தின ட்ரெய்லருங்க டயமண்ட் ஹார்பர் ரோட்ல இன்ஜினை அணைக்காம நிக்கும். சாயங்காலம் ஜன்னல் கம்பில விரலை வச்சா கருப்பா ஒட்டும். என் பொண்ணுக்கு ஏழு வயசுல இருந்து இன்ஹேலர். இந்தக் காத்துக்கு நானும் ஏதோ சேர்க்கறேனான்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்காத அப்பன் இல்லை நான்.

அதனாலதான் அளந்து பார்த்தேன். என் வண்டி மாதிரி பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் காருக்கு புகைச் சோதனைல கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரைக்கும் இருக்கலாம். பிஎஸ்-4 வண்டிக்கு 0.3, 200. ரெண்டு வருஷம் முன்னாடி என் வண்டி 0.46 காட்டுச்சு. பாஸ். சர்டிபிகேட்டை மடிச்சு டாஷ்போர்டுல போட்டுட்டு வந்திருக்கலாம். சட்டம் விட்டுடுச்சு, என்னால விட முடியலை. ஆக்சிஜன் சென்சார் கிழடாயிருந்தா கலவைல பெட்ரோல் கூடிப்போகும்னு படிச்சிருந்தேன். மல்லிக் பஜார்ல அலைஞ்சு (நம்ம புதுப்பேட்டைக்கு இங்க பேர் மல்லிக் பஜார்) ஒத்து வர்ற சென்சார் ஒண்ணு புதுசா வாங்கி நானே மாத்தினேன். பிளக் நாலும் மாத்தி, த்ராட்டில் பாடியைக் கழட்டிக் கழுவி, மறுபடி சோதனைக்குப் போனா 0.12. பிஎஸ்-4 வரம்புக்கும் கீழே. வண்டியோட வயசு ஒரு நாள்கூடக் குறையலை. புகை கால்வாசி ஆயிடுச்சு.

என் வாதம் இவ்வளவுதான். புகை வர்றது வருஷத்துல இருந்து இல்லைங்க, சைலன்சர்ல இருந்து. அங்கதான் அளக்கணும். அளக்கறதை விட்டுட்டு பிறந்த தேதியைப் பார்த்து தீர்ப்பு சொல்றது ஜாதகம் பார்க்கற மாதிரி. எட்டு வயசுல ஒரு டீசல் வண்டி கருப்பா கக்கிட்டுப் போகும், அது வாலிபன். என்னுது கிழம். இது என்ன நியாயம்?

"அப்ப எல்லாப் பழைய வண்டியையும் விட்டுடணுமா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. சோதனையை இன்னும் கடுமையாக்குங்கன்னுதான் சொல்றேன். இப்ப பெட்ரோல் காருக்குப் பண்ற சோதனை நைட்ரஜன் ஆக்சைடை அளக்கறதே இல்லை, தூசித் துகளையும் அளக்கறதில்லை. நெஞ்சை அடைக்கற சமாசாரமே அதுங்கதான். அதையும் அளங்க. பிரிட்டன்ல 1960-ல இருந்து எம்ஓடி சோதனை இருக்கு. மூணு வருஷம் ஆன கார் வருஷா வருஷம் போய் நிக்கணும். ஜப்பான்ல ஷாக்கென். ரெண்டு ஊர்லயும் நல்லா வச்சிருந்தா முப்பது வருஷ வண்டியும் ஓடலாம், வச்சிருக்கலைன்னா அஞ்சு வருஷ வண்டியும் வீட்டுக்குப் போகணும். நம்ம ஊர்ல என்ன நடக்குது? புதுப்பிக்கற கட்டணம் 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷத்துக்கு மேலான காருக்கு 10,000. காசை ஏத்தினா புகை குறையுமா? காசு இருக்கறவன் கட்டிட்டு ஓட்டுவான், இல்லாதவன் கட்டாம ஓட்டுவான்.

அடுத்தது, நம்ம கட்சிக்காரங்களுக்கும் ஒரு குட்டு. சத்தம் கம்பீரமா வரணும்னு கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் குடைஞ்சு காலி பண்ற பயலுகளே, உங்களாலதான் எங்க மானம் போகுது. வீட்லயே ஆயில் மாத்தறேன்னு சொல்லி பழைய ஆயிலைச் சாக்கடைல ஊத்தற புண்ணியவான்களே, கிடர்பூர் சாக்கடை எங்க போகுதுன்னு தெரியுமா? பக்கத்துல ஓடற ஆதிகங்கை. அது ஹேஸ்டிங்ஸ்கிட்ட ஹூக்ளில கலக்குது. நாலு லிட்டர் கருப்பு ஆயிலை கேன்ல பிடிச்சு, மறுசுழற்சிக்கு எடுக்கறவன்கிட்ட குடுக்கத் துப்பில்லைன்னா ஸ்பேனரைத் தொடாதீங்க.

ரெண்டாவது, காசு.

என் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். போன வருஷம் டயர் ரெண்டு, ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் சமாசாரம், உஸ்தாத் கூலி எல்லாம் சேர்த்து 31,000. நண்பர் சொல்ற புது வண்டிக்கு மாசம் 12,000 ஈஎம்ஐ போட்டாலும் வருஷத்துக்கு 1,44,000. நான் வருஷத்துல ஓட்டறதே 3000 கிலோமீட்டர். ஆபீசுக்கு பஸ்.

உலகத்தைக் காப்பாத்த புது வண்டி வாங்கச் சொல்றவங்களுக்கும் ஒரு கணக்கு. 3000 கிலோமீட்டருக்கு என் கிழம் 300 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 690 கிலோ. லிட்டருக்கு 18 ஓடற புது வண்டின்னா 383 கிலோ. மிச்சம் வருஷத்துக்கு 300 கிலோ சொச்சம். ஒரு புதுக் காரை உருக்கி வார்த்து ஷோரூமுக்குக் கொண்டு வரவே பல டன் ஆகும். குறைச்சு அஞ்சு டன்னுன்னு வச்சாலும், அதை ஈடு கட்ட பதினாறு வருஷம். ஆனா ஒண்ணு, நேர்மையாச் சொல்லணும். தினம் ஓட்டி வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் போறவருக்கு இதே கணக்கு மூணு வருஷம் சொச்சத்துல ஈடாயிடும். அவர் புதுசு வாங்கறதுதான் சரி. எனக்குச் சரியானது எல்லாருக்கும் சரின்னு நான் சொல்லலை. அவருக்குச் சரியானதை என் தலைல கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

பாகம் கிடைக்குமான்னு கேப்பீங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வர்றதுக்குள்ள ஃபியட் பேர்ல இங்க கார் விக்கறதே நின்னு போச்சு. ஒரு சர்வீஸ் கவுன்டர்ல (பேர் வேண்டாம்) கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே "அந்த மாடல் லிஸ்ட்ல இல்லை சார், வித்துடுங்க"ன்னாங்க. வெளில நின்ன வண்டியை எட்டிக்கூடப் பார்க்கலை. ஆனா பெட்ரா, அட்வெஞ்சர்னு அதே குடும்பத்து வண்டிங்க காயலான் கடைல இன்னும் கண்ணுல படுது. கண்ணாடி, கைப்பிடி, சுவிட்ச் எல்லாம் அதுங்க தானம். பழசுல வாங்கவே கூடாதது பிரேக், பெல்ட், ரப்பர். அது புதுசுதான்.

எதை நாமே செய்யலாம், எதைத் தொடக் கூடாதுங்கறதுலயும் எனக்கு ஒரு கோடு உண்டு. ஆயில், பிளக், ஃபில்டர், பேட், கூலன்ட் என் வேலை. இங்க மழைக்காலத்துல முழங்கால் தண்ணி நிக்கும். அதனால ஜூன்ல கதவு அடில இருக்கற வடிகால் ஓட்டைங்களைக் குத்தி விடறது, பேட்டரியோட எர்த் கம்பியைத் தேச்சு விடறது என் சடங்கு. தண்ணில நின்னு போச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளித்தான் வரணும். உள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டி பெரும்பாலும் 20 சதவீத எத்தனாலை மனசுல வச்சு செஞ்சது இல்லை, அதனால பெட்ரோல் குழாய் ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்து, வெடிச்சது தெரிஞ்சா உடனே மாத்தறேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடில போறதில்லை. ஸ்டாண்டு இல்லைன்னா வேலையும் இல்லை. டைமிங் பெல்ட் மட்டும் உஸ்தாத் கைல. அது பல்லு தப்பினா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கலாம். அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம்.

கடைசியா கௌரவம். இதுக்குத்தான் எனக்குக் கோபமே.

கையெல்லாம் கரியா இருந்தா பசங்க முன்னாடி அசிங்கமாம். நம்ம அப்பாக்கள் சைக்கிளைத் தலைகீழா கவுத்து செயின் மாட்டலையா? ரேடியோவைப் பிரிச்சுப் போடலையா? ஊரை விட்டு வந்து ஃபிளாட்ல குடியேறினதும் நமக்கு மட்டும் எப்படி கை வேலை கேவலமாச்சு? குழாய் ஒழுகினா போன், ஃபேன் நின்னா போன். தமிழ் பேசணும், கோலம் போடணும், சுலோகம் சொல்லணும்னு பசங்களை விரட்டறோம். கெட்டுப் போனதைச் சரி பண்ணத் தெரியணும்னு யாராவது சொல்லறோமா? உஸ்தாத் அஞ்சாங்கிளாஸ் தாண்டலை. இன்ஜின் மேல ஸ்க்ரூ டிரைவரை வச்சு, அதோட பிடியைக் காதுல வச்சு, எந்த பேரிங் போச்சுன்னு சொல்லுவார். என் பொண்ணு அவரை "உஸ்தாத் சாச்சா"ன்னு கூப்பிட்டு சலாம் வைக்கறா. அவர் கையும் கரிதான். அதுல அவளுக்கு எந்த அசிங்கமும் தெரியலை.

இதை எழுதினதும் தங்கமணிகிட்ட படிச்சுக் காட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "எல்லாம் சரி. நாளைக்கு அது நிஜமாவே முடியாமப் போனா, ஒத்துப்பீங்களா? இல்லை அதுக்கும் ஒரு பதிவு எழுதுவீங்களா?"ன்னாங்க.

நியாயமான கேள்வி. வாக்கும் குடுத்துட்டேன். 2027-ல சோதனைக்குக் கொண்டு போவேன். வழக்கமான சோதனை மட்டும் இல்லை, எங்க நைட்ரஜன் ஆக்சைடு அளக்கறாங்களோ அங்கயும் காசு குடுத்து அளப்பேன். என் பொண்ணு மூச்சுக்கு அது கெடுதல்னு கருவி சொன்னா, அன்னைக்கே நானே ஓட்டிட்டுப் போய் காயலான் கடைல விட்டுட்டு பஸ்ல வந்துடறேன். பேரீச்சம்பழமும் வாங்கிட்டு வர்றேன், மேல் மாடி நண்பருக்கு. ஆனா அதைச் சொல்ல வேண்டியது கருவி. காலண்டர் இல்லை.

அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை காலைல கீழ வந்தீங்கன்னா, ஸ்டாண்டு மேல வண்டி நிக்கும். பக்கத்துல கழுத்துல இன்ஹேலர் தொங்க ஒரு பொண்ணு, "அப்பா, 13-ஆ 17-ஆ?"ன்னு ஸ்பேனரை நீட்டிட்டு இருப்பா. காய்கறிப் பையை ஓரமா வச்சுட்டு, அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க சார்.