ஏட்டில் ஏறாத காய்ச்சல்

கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவினர் வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகின்றனர். இருபத்தாறு சுகாதாரப் பிரிவுகளின் பெயர்கள் நிரையாக நிற்க, அவற்றுக்கெதிரே டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு என நோய்வாரியாக எண்கள் காணப்படும். அம்பாறை மாவட்டத்துக்குள் அமைந்தும் தனிப் பிரிவாக விளங்கும் கல்முனைக்கும் அதில் ஒரு வரியுண்டு. அவ்வரியில் எண் சிறுத்திருக்கக் கண்டால் மகிழ்வோர் பலர். நாம் மகிழத் தயாராக இல்லை.

அவ்வெண் நோயாளரின் தொகையன்று. தாளில் ஏறிய நோயாளரின் தொகை. சம்மாந்துறை வட்டையில் சேற்றில் நின்ற உழவனொருவனுக்குக் காய்ச்சல் காண்கிறது. முதல் நாள் கடையில் பனடோல் வாங்குகிறான். இரண்டாம் நாள் மாலையில் தனியார் மருந்தகத்துக்குப் போகிறான். அங்கே மருந்து கிடைக்கிறது. ஆனால் அறிவித்தற் படிவம் நிரப்பப்படுவது அருமை. நோய் முற்றி அரசாங்க வைத்தியசாலைக் கட்டிலில் விழுந்தால் மாத்திரமே அவன் பெயர் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போகும். பரிசோதகர் வீடு தேடி வருவார். பின்னரே கொழும்புக் கணக்கில் ஓர் எண் கூடும். அதற்குள் வழியில் உதிர்ந்தோர் எத்தனை பேர்?

சட்டத்தில் குறையில்லை. நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே பிறந்தது. சிகிச்சையளிப்போர் அரசாங்கத்தாராயினும் தனியாராயினும் அறிவிக்கும் கடமை அவர்களுக்குண்டு. இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, ஐயமே போதும். நமது வைத்திய நண்பர்கள் இதை அறியாதவர்களல்லர். நாளொன்றுக்கு நூறு நோயாளரைப் பார்க்கும் கைக்குப் படிவமெழுத நேரமேது என்பர். அச்சொல்லில் நியாயமுண்டு, ஆனால் அதன் விலையைக் கொடுப்பவன் உழவன்.

விலை சிறிதன்று. 2008இல் எலிக்காய்ச்சல் நாடெங்கும் பேரலையாய் எழுந்தது. அவ்வாண்டில்கூட ஏட்டில் ஏறியவர் ஏறத்தாழ 7,400 பேரே. இலங்கை ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட மதிப்பீடோ, வைத்தியசாலையில் சேர வேண்டிய அளவுக்கு இந்நோய் காண்போர் ஆண்டொன்றுக்குச் சுமார் 10,400 பேர் என்றும், மரிப்போர் சுமார் 730 பேர் என்றும் கூறுகிறது. கொடிய ஆண்டின் கணக்கே சராசரி ஆண்டின் மதிப்பீட்டுக்கு எட்டவில்லை!

காணாததை எங்ஙனம் எண்ணுவது என்று கேட்கலாம். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவில் விடுபட்டோரைக் கண்டறிய, சந்திரசேகரனும் அமெரிக்கரான டெமிங்கும் 1949இல் ஒரு வழி காட்டினர். பதிவாளரின் பட்டியல் ஒன்று, வீடுவீடாய்ச் சென்று எடுத்த பட்டியல் மற்றொன்று. இரண்டையும் பெயர் பெயராக ஒப்பிட்டனர். நோய்க்கும் இது பொருந்தும். வைத்தியசாலைப் பட்டியலில் 60 பேர், வீட்டுப் பட்டியலில் 50 பேர், இரண்டிலும் இருப்போர் 30 பேர் எனக் கொள்வோம். வீட்டுப் பட்டியலின் ஐம்பதின்மரில் முப்பதின்மரையே வைத்தியசாலை அறிந்திருந்தது. அதாவது, ஐந்தில் மூன்று பங்கு. ஆகவே 60 என்பதும் ஐந்தில் மூன்று பங்கே, முழுத்தொகை 100. கண்ணுக்குத் தெரிந்தவர் 80 பேர். இரு பட்டியலுக்கும் தப்பியவர் 20 பேர். ஒரு பட்டியல் மற்றதைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் இக்கணக்குப் பிழைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

எந்தக் கணக்குக்கும் அகப்படாத ஒன்றுண்டு. அது அச்சம். 2020 ஏப்ரல் 11ஆம் நாள் வெளியான வர்த்தமானி, கொரோனாவால் மரித்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கு இடமளித்திருந்தும் 2021 பெப்ரவரி வரை அவ்விதி நீங்கவில்லை. இடையிலே அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் தொற்றுப் பரவியது. தந்தையின் ஜனாஸாவைத் தீக்குக் கொடுக்க நேருமென்று நடுங்கும் வீட்டார் அவருடைய இருமலை ஊரறியச் சொல்வரோ? நோயை அறிய விரும்பும் அரசாங்கமே நோயை ஒளிக்கும்படி மக்களைத் தூண்டிய விந்தை அது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லதே, ஆயினும் அப்பத்து மாதங்களின் எண்களை இனி எவராலும் திருத்த முடியாது.

சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. கல்முனைப் பிரிவில் ஒரு பெரும்போக காலத்துக்கேனும் தனியார் மருந்தகங்களிலிருந்து காய்ச்சல்காரரின் பட்டியலைப் பெற்று, வைத்தியசாலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டோர் தொகையை வார அறிக்கையிலேயே வெளியிடுக. நோயாளரின் பெயர் வெளியே போகாதென்ற உறுதியையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வயலில் இறங்குமுன் உழவருக்கு வழங்கும் டொக்ஸிசைக்ளின் மாத்திரைகள் எவ்வூருக்கு எத்தனை என்று இவ்வெண்களைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், விதைப்புக்கு முன்பே இவ்வேலை தொடங்குவது நலம்.