ஆயாவின் மெட்டு

வடலூரில் உறவினர் வீட்டு வாசற்படியில் நாம் காலை வைத்ததுதான் தாமதம், "மாமா, கொஞ்சம் பேசாம இருங்க!" என்று உள்ளிருந்து ஒரு கட்டளை பிறந்தது. விருந்தாளிக்கு இவ்விதமான வரவேற்பை நாம் வேறெங்கும் பெற்றதில்லை. எட்டிப் பார்த்தோம். ஜன்னல்கள் அடைபட்டிருந்தன, மின்விசிறி ஓய்ந்திருந்தது. வியர்வை வழிய, அவ்வீட்டுப் பெண் செல்போனுக்கு எதிரே அமர்ந்து பாடிக் கொண்டிருந்தாள்.

சங்கதி இதுதான். அவளுடைய பாட்டியாருக்கு வயது எண்பதுக்கு மேல். அந்தியில் விளக்கேற்றியதும் அருட்பாவில் ஒரு பாடலைப் பாடுவது அந்த அம்மாளின் வழக்கம். மெட்டு அவருக்குத் தம் தாயாரிடமிருந்து வந்தது. இப்போதோ இரண்டடி பாடுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. ஆகவே, சங்கீதம் கற்றறியாத பேத்தி, தானே பாடிப் பதிவு செய்துவிடுவதென்று கங்கணம் கட்டிக் கொண்டிருக்கிறாள்.

இராமலிங்க அடிகளார் 1867-ல் தருமசாலையும், 1872-ல் சத்திய ஞான சபையும் கண்ட ஊர் இது. அவருடைய பாடல்களில் ஒரு பகுதி 1867-லேயே அச்சேறிவிட்டது. ஆனால், அச்சு சொல்லைக் காக்குமேயன்றி மெட்டைக் காக்காது. ஒரே பாடலை ஓதுவார் ஒரு விதமாகவும், பஜனைக் கூட்டத்தார் வேறு விதமாகவும் பாடக் கேட்கிறோம். வீட்டுப் பெண்களின் மெட்டுக்களை எழுதி வைத்தவர் யார்? சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1941-ல் கூடித் தமிழிசைக்காக முழங்கினார்கள். நல்ல முழக்கந்தான், ஆனால் அது கச்சேரி மேடைக்கு. விளக்கு மாடத்தை யாரும் நினைக்கவில்லை.

"இது என் குரலா மாமா? கேட்கவே சகிக்கலையே!" என்றாள் பெண். கண் கலங்கியிருந்தது. நம் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கிறது. எலும்பு அதற்குக் கனம் சேர்த்துக் கொடுக்கிறது. கருவிக்கு அந்தச் சலுகை இல்லை. தன் குரலை முதன்முறை கேட்டுத் திடுக்கிடாதவர் அரிது என்று சொல்லித் தேற்றினோம்.

உண்மையான குறை சுருதியில் இருந்தது. அடிக்கு அடி குரல் ஏறிக் கொண்டே போயிற்று. பெண்கள் ஐந்து கட்டையில் பாடுவார்கள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக் கொண்டிருந்தாள். பாட்டின் உச்ச ஸ்வரம் எந்தச் சுருதியில் சிரமமின்றி எட்டுகிறதோ அதுவே அவளுடைய கட்டை. தம்புரா ஒலியை ஒரு காதில் மட்டும் மாட்டிக் கொண்டு, மறு காதைத் தன் குரலுக்குத் திறந்து வைக்கச் சொன்னோம். முதலில் ஸ, ப, மேல் ஸ; பிறகு சொல்லில்லாமல் அகாரத்தில் மெட்டு; அதற்குப் பின்பே சொல். நாளைக்கு ஓரடி போதும்.

செல்போனை வாயருகே வைத்திருந்ததால் ஒவ்வொரு பகரமும் வெடியாக வெடித்தது. ஒரு சாண் விலக்கி, சற்றுப் பக்கவாட்டில் வைத்ததும் அடங்கிற்று. வெறுஞ்சுவர்க் கூடம் எதிரொலிக்கிறது. துணி பீரோவைத் திறந்து வைத்துக் கொண்டு, மெத்தையும் போர்வையும் உள்ள அறையில் பாடினால் ஒலி தெளியும். தஞ்சாவூர்ச் சாலை லாரிகளுக்கு மட்டும் பரிகாரம் இல்லை. விடியுமுன் எழ வேண்டியதுதான்.

எம். எஸ். சுப்புலக்ஷ்மி பத்து வயதில் இசைத்தட்டுக்குப் பாடிய காலத்தில் பக்கத்துக்கு மூன்று நிமிஷந்தான். தவறினால் அந்த மெழுகு வீண். இவளோ பதினேழு பதிவுகளை அழித்திருந்தாள்!

"ஆயா பாடினதை எடுத்து வைத்தாயா, அம்மா?" என்று கேட்டோம்.

"ஆயா குரல் நல்லா இல்லையே, மாமா. இருமுறாங்க."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருமலோடேயே முதலில் அதையல்லவா எடுத்திருக்க வேண்டும்! அன்று மாலையே எடுத்தோம். நான்கடியில் மூன்று முறை இருமல். பிறகு பேத்தியின் பதிவைப் போட்டுக் காட்டினோம். பாட்டியார் கண்ணை மூடிக் கேட்டார்.

"மூணாவது அடியில ஒரு இழுப்பு இருக்கு, தம்பி. அதை விட்டுட்டா" என்றார்.

பெண் எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.