விதி என்று சொல்லிக் கைகழுவாதே!

"பனையிலிருந்து விழுந்தான், இடுப்புக்குக் கீழே செத்துப்போச்சு, அவன் விதி!" சங்கரன்கோவில் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது, தோழர்களே!

விதியா? 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்து முறிந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் நம் பக்கத்து ஆய்க்குடியிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

அறுந்த தண்டுவடம் ஒட்டாது; மெய்தான். ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஏழையைக் கொல்வது படுக்கைப் புண்ணும் சிறுநீரில் ஏறும் கிருமியும்! இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் புண்ணைத் தடுக்கலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, சட்டை போட, சோற்றை எடுத்து உண்ண, உட்கார்ந்தபடி ஒரு தொழில் செய்யப் பழக்குவதுதான் தொழில்வழிச் சிகிச்சை.

பழக மாதங்கள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? புரட்டிப்போடும் மனைவியின் நடவுக் கூலியும் போச்சே! மில் தொழிலாளிக்கு 1948-ஆம் வருஷச் சட்டத்தால் வந்த ஈ.எஸ்.ஐ. ஊனத்தொகை உண்டு, அதற்கும் நடையாய் நடக்க வேண்டும். கிணறு வெட்டுகிறவனுக்கு? பண்ணையார் தோப்பில் மரமேறுகிறவனுக்கு?

சிகிச்சைக் காலம் முழுவதும் இருவர் கூலியையும் சர்க்கார் கொடுக்கட்டும். சக்கர நாற்காலியைத் தர்மமாகக் கொடுத்துப் போட்டோ பிடிக்கிற பிரமுகர்கள் அப்புறம் வரட்டும்!