24 மடங்கு ஸ்கோப்பும் அரை உயிர் முயலும்

ஏர் கன்னுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எக்ஸ்?" செல்போன் கடையில் "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்கிறோமே, அதே வியாதி. விற்கிறவருக்கும் இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், எண் ஏற ஏற விலையும் ஏறும் இல்லையா! என் கட்சி நேர் எதிர். ஏர் கன்னால் முயல் சுடுகிறவனுக்கு 6-24 எக்ஸ் 50 மாதிரியான ஸ்கோப் தண்டச் செலவு, அதோடு கெடுதலும் கூட.

அவசரப்பட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். பேச்சு இங்கிலாந்தைப் பற்றி. இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. முயலையோ கிளியையோ சுட்டால் கம்பிதான் எண்ண வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணுமா வேண்டாமா என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் முயல் பயிரை மேய்கிற தொல்லை. நிலத்துக்காரர் அனுமதி கொடுத்தால் சுடலாம். என் பெரியப்பா பையன் அங்கே ஒரு பண்ணையில் அப்படி அனுமதி வாங்கி வைத்திருக்கிறான். "டேய் தம்பி, 24 எக்ஸ் வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். நான் துப்பாக்கி பிடித்தது என்.சி.சி.யில் .22 ரைஃபிளோடு சரி. பிளஸ் டூவிலும் காமர்ஸ் குரூப்தான். ஆனால் இதற்கு வகுத்தல் தெரிந்தால் போதும் மக்களே.

அங்கே சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் சக்தி 12 அடி-பவுண்டுக்குள் இருக்க வேண்டும். (ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து இதற்கும் சான்றிதழ் வேண்டும்.) 12 அடி-பவுண்டில் 16 கிரெய்ன் எடையுள்ள .22 குண்டு விநாடிக்கு 580 அடி வேகத்தில் கிளம்பும். இது ஒலியின் வேகத்தில் பாதிதான். 30 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்த துப்பாக்கியில் 50 கெஜத்தில் சுட்டால் குண்டு நான்கு அங்குலத்துக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். முயல் சட்டென்று சாக வேண்டுமென்றால் தலையில் ஏறக்குறைய ஒரு அங்குல வட்டத்துக்குள் அடி விழ வேண்டும். 45 கெஜத்தை 50 என்று தப்பாகக் கணித்தாலே குண்டு அந்த வட்டத்தைத் தாண்டிவிடும். போய்ச் சேர ஏறக்குறைய கால் விநாடி வேறு ஆகும், அதற்குள் முயல் தலையைத் திருப்பலாம். இதில் எதை 24 மடங்கு சரிசெய்கிறது? ஸ்கோப் குண்டுக்கு ஒரு அடி-பவுண்டு சக்தி கூடக் கூட்டாது. கூட்டுவதெல்லாம் சுடுகிறவனின் தைரியத்தை மட்டும்தான். முயல் கண்ணுக்கு எதிரே பூதாகாரமாகத் தெரிந்தால் 55 கெஜமும் பக்கத்து வீடு மாதிரி இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். முயல் மேய வருவது விடியலிலும் அந்தியிலும். முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம். சாதாரண 3-9 எக்ஸ் 40 ஸ்கோப்பை 6-இல் வைத்தால் 40-ஐ 6-ஆல் வகுத்து 6.7. இருட்டில் இளவயதுக் கண்பாவை விரிவதே சுமார் 7 மில்லிமீட்டர்தான். ஆக, விலை அதிகமான ஸ்கோப்பில் அந்திநேர முயல் மங்கல், மலிவானதில் பளிச்! "ஆனால் அதில் மடங்கைக் குறைத்துக்கொள்ளலாமே" என்பீர்கள். தாராளமாகக் குறைக்கலாம். குறைத்தே வைத்திருக்கப் போகிறவன் 24-க்கு எதற்குக் காசு கொடுத்தான்?

போதாததற்கு 24-இல் வைத்தால் 30 கெஜத்தில் தெரியும் காட்சியின் அகலம் ஒன்றரை அடி அளவுக்குத்தான் இருக்கும். முயலைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பொந்துக்குள் போய்விடும். கை நடுக்கமும் 24 மடங்காகத் தெரியும். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடிக்கு இடம் விட ஸ்கோப்பை உயர்த்தி மாட்ட வேண்டும். உயர்த்த உயர்த்த, பக்கத்தில் இருக்கும் முயலைக் குறிவைக்கும்போது குண்டு குறிக்கு இன்னும் கீழே போகும்.

இந்த ராட்சத ஸ்கோப்புகளுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: ஃபீல்டு டார்கெட் போட்டி. அங்கே 55 கெஜம் வரை சுடுவார்கள். அதிக மடங்கில் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பியே தூரத்தைக் கணித்துவிடுவார்கள். ஆனால் அங்கே விழுவது இரும்புத் தகடு. தவறினால் போவது ஒரு பாயிண்ட். இன்னொரு பக்கம், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர். அதில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் உருப்பெருக்கம் இல்லாத ஓட்டைக் குறியை வைத்துத்தான்.

ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னே உதைக்கும். இந்த இரட்டை உதையைத் தாங்கச் செய்யாத ஸ்கோப் பெரிய துப்பாக்கியில் வருஷக்கணக்கில் நன்றாக இருந்தாலும் இதில் சீக்கிரமே கழன்றுபோகும். அட்டைப்பெட்டியில் எத்தனை எக்ஸ் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏற்றதா என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். பேரலாக்ஸ் சங்கதியும் அப்படித்தான். பெரிய துப்பாக்கி ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 25 கெஜத்தில் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறி நகரும்.

எகனாமிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு எக்ஸ்டர்னாலிட்டி ஞாபகம் இருக்கும். வாங்குகிறவன், விற்கிறவன் இருவரும் சந்தோஷமாகப் பேரம் முடிக்க, செலவு மூன்றாவது ஆள் தலையில் விழுவது. ஆற்றில் கழிவு விடும் சாயப்பட்டறை என்று எழுதி ஐந்து மார்க் வாங்கியிருப்போம். இங்கே அந்த மூன்றாவது ஆள் முயல். 30 கெஜத்தில் சுட வேண்டியவன் ஸ்கோப் கொடுத்த தெம்பில் 55-இல் சுடுகிறான், குண்டு தாடையிலோ வயிற்றிலோ படுகிறது, முயல் பொந்துக்குள் ஓடிப்போய் மெதுவாகச் சாகிறது. கடைக்காரரின் பில்லில் இது எங்கேயும் வராது. சுட்டவன்கூட "மிஸ்ஸாயிடுச்சு" என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவான்.

அண்ணனுக்கு நான் சொன்னது: 3-9 எக்ஸ் 40 போதும், 4 அல்லது 6-இல் வைத்துச் சுடு. பேரலாக்ஸ் 30 கெஜம் பக்கத்தில் இருப்பதா என்று பார், அல்லது பத்துப் பதினைந்து கெஜம் வரை சரிசெய்ய முடிகிறதா என்று பார். மிச்சக் காசில் நல்ல மவுண்ட் வாங்கு, அதற்கும் மிச்சமிருந்தால் டப்பா டப்பாவாக பெல்லட் வாங்கிக் காகிதத்தில் சுடு. எந்தத் தூரத்தில் ஐந்து குண்டும் ஒரு அங்குல வட்டத்துக்குள் விழுகிறதோ அதுவே உன் எல்லை, அதற்கு அப்பால் இருக்கும் முயலை விட்டுவிடு.

"அப்போ 4-12 வாங்கட்டுமா?" என்று பதில் போட்டிருக்கிறான்.