ஒரு வாக்கும் இரு கூட்டமும்

சிற்றூர் ஒன்றில் கழிப்பறை கட்டி முடிக்கப்படுகிறது. அதை எவர் திறந்து வைப்பது என்பதில் ஊரின் இரு கூட்டத்தாரும் மோதிக்கொள்கின்றனர். மோதலில் புதுக் கட்டடமே நொறுங்கிப் போகிறது. திறப்பு விழாவும் முடிந்தது, கழிப்பறையும் முடிந்தது. இனி இரு கூட்டத்துப் பெண்டிர்க்கும் பழையபடி இருட்டும் புதர்மறைவுமே புகலிடம். ‘மண்டேலா’ என்னும் திரைப்படம் இவ்வாறுதான் தொடங்குகிறது. பார்ப்போர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். அவ்வாறு சிரித்தோருள் எத்தனை பேர் தத்தம் ஊராட்சி அலுவலகத்தை ஒருகால் நினைத்துப் பார்த்திருப்பர்?

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி நல்லது சொல்லும் வாய்ப்பு அரிதாகவே கிட்டுகிறது. குத்தாட்டமும் கலப்புமொழிப் பாட்டும் தலைவன் ஒருவனே நூறு பேரை வீழ்த்தும் பொய்ம்மையும் மண்டிய சேற்றிடையே, மடோன் அசுவின் என்னும் இளைஞர் இயக்கிய இம்முதற்படம் 2021 ஏப்பிரல் 4-ஆம் நாள் திரையரங்கிற்கு வராமல் நேரே தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்ததோ ஏப்பிரல் 6-ஆம் நாள். வாக்குக்கு விலை பேசும் பருவத்திலேயே, வாக்குக்கு விலை பேசும் கதை வீடுகளுக்குள் நுழைந்தது! 2022-இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் திரைப்பட விருதுகளுள் அறிமுக இயக்குநர்க்கானதும் உரையாடலுக்கானதும் இவருக்கே கிடைத்தன. 2023-இல் தெலுங்கிலும் இக்கதை படமாக்கப்பட்டது. தெலுங்கரும் தம் ஊரையே அதில் கண்டிருப்பர்; நோய்க்கு மொழி எல்லை இல்லை.

படத்தில் வரும் ஊர் சூரங்குடி. ஊர்ப்பெரியவர் ஒருவர், இரு சாதியார்க்கும் ஒற்றுமை வேண்டுமென்று இரு பக்கத்திலும் பெண் கொள்கிறார். ஒற்றுமைக்காக மணந்த அவ்விருவர் வயிற்றிலும் பிறந்த மக்களே ஊரை இரண்டாகக் கிழிக்கின்றனர். ஊராட்சித் தலைவர் தேர்தல் வருகிறது. எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சரிநிகர் வாக்குகள். எஞ்சியிருப்பது ஆலமரத்தடியில் முடிதிருத்தும் ஏழை ஒருவனின் வாக்கு ஒன்றே. அவனை அதுகாறும் எவரும் மாந்தனாக எண்ணியதில்லை. இளித்தவாயன் என்பதே அவனுக்கு ஊர் இட்ட பெயர். அழைத்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாகத்தான் அவன் போகவேண்டும். செய்த வேலைக்குக் கூலி கேட்டால் அதுவே குற்றம். அத்தகையவன் காலைத்தான் இரு கூட்டமும் பிடிக்கின்றன. முதலில் பரிசில், அடுத்து ஏலம், ஏலம் படியாதபோது அடி, உதை, அரிவாள்!

இம்மூன்றும் வரும் வரிசைதான் படத்தின் உயிர். கையூட்டு இனிமையானது என்றும், வன்முறை கொடியது என்றும் இரண்டையும் வேறாக எண்ணுவது நாட்டில் பரவிய மயக்கம். விலை கொடுத்தவன் பொருள் கைக்கு வராவிட்டால் சும்மா இருப்பானோ? நேற்றுப் புத்தாடை கொடுத்த கைதான் இன்று கத்தியை எடுக்கிறது.

திருக்குறளில் உட்பகை என்று தனியே ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் உடன்பிறந்தார் இருவர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு சிற்றூர்த் தலைவர் நாற்காலியில் அப்படி என்னதான் இருக்கிறது? படம் இதற்கு நேராகவே விடை சொல்கிறது. ஊருக்குத் தொழிற்சாலை ஒன்று வரவிருக்கிறது. அதனால் அந்நாற்காலிக்குத் தரகு மதிப்பு ஏறிவிடுகிறது. சாதி என்பது சண்டைக்குக் கொடி. சண்டைக்குக் கரணியம் பணமே.

சட்டம் அமைந்திருக்கும் முறையையும் சற்றே நோக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சித் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவரையோ உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து தேர்கின்றனர். காசோலையில் இவ்விருவர் ஒப்பமும் இருந்தால்தான் பணம் வரும். களவைத் தடுக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான் இது. ஆயின், இருவரும் எதிரெதிர்க் கூட்டத்தாராக அமைந்துவிட்டால், தெருவிளக்குக்குப் பணம் இராது. பழுதான நீரேற்றி பழுதாகவே கிடக்கும். துப்புரவுப் பணியாளர்க்குக் கூலி நிற்கும். இருவரும் ஒரே கூட்டத்தாராகிவிட்டாலோ, கேட்பாரே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஊராட்சி பேறுபெற்றது. இன்னொன்றும் உண்டு. சிற்றூர்த் தலைவர், உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் இல்லை. தலைவாசலில் கட்சியைத் தடுத்தாயிற்று. கொல்லைவழியே சாதி நுழைந்து கூடத்தில் அமர்ந்துகொண்டது.

இவை கற்பனை என்போர் மேலவளவை மறந்துவிட்டனர் போலும். மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி, தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டதைப் பொறாதார் இருந்தனர். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூன் 30-ஆம் நாள், மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பேருந்திலேயே மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நாற்காலிக்காக ஆறு தமிழர் உயிர்! பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவொட்டாமல் தடுத்தனர். 2019 திசம்பரில் கடலூர் மாவட்டத்து நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 இலக்கம் உருபாவுக்கு ஏலம் போனதாக நாளேடுகளில் செய்தி வந்தது. திரைப்படம் காட்டிய ஏலம் அதற்கு ஓராண்டுக்கும் மேலாகப் பிந்தியது. கலைஞன் மிகைப்படுத்தினான் என்று எவரும் குறை சொல்லற்க. அவன் நாளேட்டையன்றோ பார்த்து எழுதியிருக்கிறான்?

சூரங்குடிக் கதையை இன்று கூர்ந்து பார்க்க வேண்டிய நிலம் ஒன்று உண்டு. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் வழியில் இருக்கும் உத்தனப்பள்ளியே அது. கேழ்வரகும் தக்காளியும் மலரும் விளையும் மண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உடையோர் கலந்து வாழும் எல்லைப்புறம். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளில் சிப்காட் தொழிற்பேட்டைக்கென 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அரசு முனைந்தபோது, 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உழவர் காத்திருப்புப் போராட்டத்தில் இறங்கினர். 1997-ஆம் ஆண்டின் தொழில்நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்க, நிலமுடையார் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆகவே சிற்றூரார்க்கு எஞ்சியிருப்பது வாய் ஒன்றே. அவ்வாய் பேசும் இடம் ஊர்மன்றக் கூட்டம், அதாவது ஆண்டுக்கு ஆறுமுறை கூட்ட வேண்டுமென்று வகுக்கப்பட்ட கிராமசபை. அதற்குத் தலைமை தாங்குபவர் ஊராட்சித் தலைவர்.

ஆலை வேண்டாம் என்பதன்று இங்கு வழக்கு. ஓசூர்ப் பகுதியின் ஆலைகளால் தமிழ் இளைஞர் பலர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை கிடைத்திருப்பது மறுக்க முடியாதது. வருகின்ற ஆலை ஊரோடு பேசுமா, ஊரின் ஒரு கூட்டத்தோடு மட்டும் பேசுமா என்பதே வழக்கு. ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்தால் தரகனுக்கு வேலை எளிது. ஒரு கூட்டம் பத்து கேட்கும். மற்றது எட்டுக்கே ஒப்பம் இடும். நிலத்தை இழந்தவனோ இரு கூட்டத்திலும் இருப்பான். 2023-இல் அங்கே ஊராட்சி எல்லையையும் வீட்டுமொழியையும் கடந்து உழவர் ஓரிடத்தில் அமர்ந்ததைப் பார்க்கையில், சூரங்குடியைவிட அவ்வூர்கள் ஒருபடி முன்னே நிற்கின்றன என்றே சொல்லலாம்.

படத்தில் நகைப்புக்கு நடுவே நெஞ்சைத் தைக்கும் இடம் பெயர் பற்றியது. அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் போகும்போதுதான் அவ்வேழைக்குப் பெயரென்று ஒன்று வேண்டியிருக்கிறது. இளித்தவாயன் என்று எழுத முடியுமா? அங்குப் பணிபுரியும் தேன்மொழி என்னும் பெண், நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறாள். பெயர் சூட்டுபவள் பெயர் தேன்மொழி. சூட்டிய பெயர் தென்னாப்பிரிக்கத் தலைவருடையது. தமிழில் பெயர்ப் பஞ்சமோ என்று தமிழன்பர் சிலர் முகம் சுளிக்கலாம். இங்கே அச்சுளிப்பு வேண்டியதில்லை. 27 ஆண்டுகள் சிறையிலிருந்து நிறவெறியை வீழ்த்தியவர் பெயரன்றோ அது? இழிபெயரைச் சுமந்தவன் தனக்கென ஒரு பெயர் பெற்ற நாளில்தான் வாக்காளன் ஆகிறான். வாக்காளன் ஆன பிறகும், தனக்கு என்ன கிடைக்கும் என்றே நெடுநாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். அடிபட்டு வீழ்ந்த பிறகே, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறான். சாலை கேட்கிறான், பள்ளிக்கூடம் கேட்கிறான், கழிப்பறை கேட்கிறான். ஒரு வாக்குக்காக இரு கூட்டமும் போட்டியிட்டுக் கட்டித் தருகின்றன. வாக்குப்பதிவு நாளில் அரிவாள்களுக்கும் அவனுக்கும் நடுவில் இரு தெரு மக்களும் வந்து நிற்கின்றனர்.

கிருட்டிணகிரி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 திசம்பரில் நடந்த தேர்தலில் வென்றோர் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போயிற்று. அடுத்த தேர்தலில் உத்தனப்பள்ளித் தெருக்களில் வாக்குக் கேட்டு வருவோரிடம், நிலத்தைப் பற்றிய ஊர்மன்றத் தீர்மானத்தில் எந்தப் பக்கம் ஒப்பமிடுவீர் என்று முதலில் கேட்கப்போவது எந்தத் தெரு என்பது அன்று தெரிந்துவிடும்.